வாளிக்குள் ஒரு பூசணிக் கொடி

கண்டியில் நிலம் என்றால் பெரும்பாலும் சரிவுதான். அஸ்கிரிய, மஹியாவ, கட்டுக்கலை, ஹந்தானை என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு, முன்னால் தாங்குசுவர், இடையில் சீமெந்து பூசிய ஒரு துண்டு முற்றம். தென்னை, பலா, கமுகு, கோப்பி, மிளகு, வாழை எல்லாம் அடுக்கடுக்காக நிற்கும் கண்டி வீட்டுத்தோட்டம் உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து எழுதிய தோட்டம். நகரத்துக்குள் இருப்பவர்களில் பலருக்கு அது பாட்டன் காலத்துக் கதை. இன்று கையில் இருப்பது அந்தச் சீமெந்து முற்றமும், மேலே சிலாப் தட்டும், நாலைந்து காலி வாளிகளும்தான்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தடை நீங்கினாலும் அடுத்த ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரக்கறி விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2022 ஜூனில், வீட்டில் பயிர் செய்வதற்கென்றே அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த நாட்களில்தான் இங்கே பல வீடுகளில் பெயின்ட் வாளியும் உரப்பையும் முற்றத்துக்கு வந்தன. வெண்டியும் கத்தரியும் மிளகாயும் காய்த்தன. பூசணி போட்டவர்கள் மட்டும் இன்றைக்கும் ஒரே முறைப்பாட்டைச் சொல்கிறார்கள்: "கொடி நன்றாக ஓடியது, பூவும் நிறையப் பூத்தது, காய் மட்டும் நிற்கவில்லை." அதற்கான காரணங்களைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். காரணம் தெரிந்தால் அடுத்த முறை காய் நிற்கும்.

முதலில் பூசணியின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும். கறிக்கு வாங்கும் மஞ்சள் பூசணி தரையில் படர்ந்து போகும்போது கணுவுக்குக் கணு மண்ணில் புதிய வேர் இறக்கும். நட்ட இடத்திலிருந்து நாலு மீற்றர் தள்ளி நிற்கும் காய்க்கு, அதன் அருகிலேயே இறங்கிய வேரும் தண்ணீர் கொடுக்கிறது. வாளியில் வைத்த கொடிக்கு அந்த வசதி கிடையாது. வாளிக்குள் இருக்கும் மண்தான் அதற்கு எல்லாம். 20 லீற்றர் வாளியில் நட்ட பூசணி இலைகளை விரித்துக்கொண்டு போகும். காய் பிடிக்கும் நேரத்தில் அந்த இலைகளுக்கும் காய்க்கும் சேர்த்துத் தண்ணீர் கொடுக்க வேரால் முடியாது. செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பிஞ்சை உதிர்த்துவிடும்.

ஆகவே தொட்டிக்கு எந்தக் கொடி என்பதுதான் முதல் முடிவு. மஞ்சள் பூசணியே வேண்டுமென்றால் 50 லீற்றர் மண்ணாவது கொள்ளும் பாத்திரம் தேவை. 50 கிலோ உரப்பையின் வாயை மடித்துப் பாதிக்கு மேல் நிரப்பினால் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். பட்டர்நட் போன்ற சின்னக்காய் இனத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கொடியில் ஒரு காய், மிஞ்சினால் இரண்டு, அதற்கு மேல் விட வேண்டாம். கொடி போகும் வழியில் இன்னொரு பை மண்ணை வைத்து, ஒரு கணுவை அதில் பதித்து, வளைத்த கம்பித் துண்டால் அழுத்திவிட்டால் அங்கேயும் வேர் இறங்கும். தரையில் அது தானாகச் செய்வதை நாம் முற்றத்தில் செய்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். நான் பார்த்தவரை காய்ப்பில் தெரியும் வித்தியாசத்தை உண்டாக்கும் வேலை இது.

பாகலும் வெள்ளரியும் 20 லீற்றர் வாளிக்கே சம்மதிக்கும். பீர்க்கு, புடோல், சுரை மூன்றுக்கும் 30 லீற்றராவது வேண்டும். அவை மேலே ஏறுகிற கொடிகள் என்பதால் முற்றத்தில் இடம் பிடிக்காது. சுக்கினி படராமல் புதராக நிற்கும் செடி. நுவரெலியாப் பக்கத்திலிருந்து ஹோட்டல்களுக்கு வருகிற அதே காய்தான். விதைத்து 50 நாள் அளவில் முதல் காய் பறிக்கலாம், பந்தல் வேண்டாம் என்பதால் வெளிநாட்டுத் தோட்டப் புத்தகங்கள் எல்லாம் தொட்டிக்கு அதையே சொல்லும். ஆனால் கண்டியின் மழைக்காலத்தில் அதன் அகன்ற இலைகள் சீக்கிரம் நோய்ப்படும். வறண்ட மாதங்களில் மட்டும் போட்டுப் பார்க்கலாம். எனக்கு முதலிடம் பாகலுக்குத்தான். விவசாயத் திணைக்களத்தின் எம்.சி. 43, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய வெள்ளைப் பாகல் இரண்டும் வீட்டுத்தோட்டக்காரர்களுக்குப் பழக்கமான இனங்கள். சவ்சவ்வைத் தொட்டியில் வைக்கவே வேண்டாம். அது ஒரு கூரையையே மூடிவிடும் கொடி. மண்ணுள்ளவர்கள் வேலியோரம் வைக்கட்டும்.

இன்னொரு வழியும் உண்டு. காயே வேண்டாம், இலை போதும் என்று பூசணியை வளர்ப்பது. மலையகத்து வீடுகளில் பூசணிக் கொழுந்தைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டுவது புதிய விஷயம் அல்ல. சின்ன வாளியில் நாலு விதை போட்டு, கொடி ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் பக்கக் கிளைகள் வந்துகொண்டே இருக்கும். மகரந்தமும் வேண்டாம், பந்தலும் வேண்டாம். அரைநாள் வெயில் மட்டும் விழும் முற்றத்துக்கு இதுதான் நேர்மையான யோசனை.

வெயில் விஷயத்தில் கண்டிக்காரர்கள் கொஞ்சம் கவனித்து இடம் பார்க்க வேண்டும். காய் பிடிக்க நாளுக்கு ஆறு மணித்தியாலமாவது நேர்வெயில் தேவை. ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஜூனில் வடக்கே. வீட்டின் தெற்குப் பக்கம் ஜனவரியில் வெயில் குளிக்கும், ஜூனில் அதே இடத்தில் சுவரின் நிழல் விழும். வாளி வைத்தவருக்கு இருக்கும் பெரிய வசதி அதைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்க முடிவதுதான். ஹந்தானை மலைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பின்னேர வெயில் நேரத்தோடு மறைந்துவிடும், அவர்கள் காலை வெயில் விழும் பக்கத்தைத் தேட வேண்டும்.

இனி மழை. கண்டிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1,800 மில்லிமீற்றர். அது சமமாகப் பெய்வதில்லை. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாதத்துக்கு 250 மில்லிமீற்றரைத் தாண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை மாதத்துக்கு 80 அளவில்தான் நிற்கும். பூசணிக் குடும்பத்துப் பூக்களுக்கு மழை ஆகாது. மகரந்தம் நனைந்தால் வெடித்து வீணாகும், தேனீயும் வெளியே வராது. இலை தொடர்ந்து ஈரமாக இருந்தால் அடிச்சாம்பல் நோய் வந்து, மஞ்சள் கட்டங்கட்டமாகப் பரவி, ஒரு வாரத்தில் கொடியே கருகும். ஆகவே கணக்கை விதையிலிருந்து போடாமல் பூவிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். பூ பெப்ரவரியில் வரவேண்டும் என்றால் விதை டிசம்பர் கடைசியில் அல்லது ஜனவரி முதல் வாரத்தில். பாகலும் வெள்ளரியும் மார்ச்சில் காய்த்து, சித்திரைப் புத்தாண்டுக்குச் சமையலறைக்கு வந்துவிடும். இரண்டாவது வாய்ப்பு ஜூன் கடைசியில் போடும் விதை. பூ ஓகஸ்டில் வரும், அப்போது மழை சற்றுக் குறைந்திருக்கும். செப்டெம்பரில் விதை போட்டு நவம்பரில் காய் எதிர்பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அந்தப் பருவத்தில் கொழுந்துக்குப் போடுங்கள்.

ஜனவரியில் இரவுக் குளிர் இருப்பதால் விதை முளைக்கத் தாமதிக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி, அடுப்படியில் சூடு தங்கும் மூலையில் வைத்தால் நாலைந்து நாளில் முளை வெளியே தெரியும். பாகல் விதையின் தோல் தடிப்பானது. நகவெட்டியால் கூரான முனையைக் கொஞ்சம் கிள்ளிவிட்டு ஊறவைக்க வேண்டும். முளைத்ததை நேரே வாளியில் நடுங்கள். இந்தக் குடும்பத்துக்கு வேரைக் குலைத்து மாற்றி நடுவது பிடிக்காது.

மண் கலவையில் செய்யக்கூடாதது, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் வெட்டிய செம்மண்ணை அப்படியே நிரப்புவது. கண்டியின் செம்மண் களிப்பானது. வாளிக்குள் இறுகிச் செங்கல்லாகிவிடும். மேல்மண் ஒரு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலந்தால் பாரமும் குறையும், ஈரமும் நிற்கும், வேரும் ஓடும். தும்புத்தூளை இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவிப் பிழிந்து சேருங்கள், அதில் உப்பு இருக்கலாம். கருக்கிய உமி கிடைத்தால் இரண்டு கை போடலாம். சிலாப் தட்டில் வைப்பவர்கள் பாரத்தையும் யோசிக்க வேண்டும். நனைந்த 50 லீற்றர் கலவை 50 கிலோவுக்குக் குறையாது. அதைத் தட்டின் நடுவில் வரிசையாக அடுக்காமல், கீழே சுவரோ தூணோ இருக்கும் ஓரங்களில் பிரித்து வையுங்கள்.

வாளியில் துளை போடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடியில் ஒரே ஒரு துளை போட்டுச் சீமெந்துத் தரையில் வைத்தால், தரையே அந்தத் துளையை அடைத்துவிடும். பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், சுற்றிவர ஆறேழு துளைகள் போடுங்கள். வாளியை இரண்டு செங்கல்லின் மேல் வையுங்கள். தரை கறைபடும் என்று அடியில் தட்டம் வைக்க வேண்டாம். தட்டத்தில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் பத்து நாளுக்குள் புதிய நுளம்பு பறக்கும். 2017இல் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. கண்டி மாவட்டம் நோய் அடிக்கடி தலைகாட்டும் மாவட்டங்களில் ஒன்று. நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது முதலில் பூந்தொட்டிகளின் அடியைத்தான் பார்ப்பார். சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நாம் சாப்பிடப் பாகல் வளர்க்கும் வாளியால் பக்கத்து வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் படுக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றும் பூவாளி, பசளை கரைக்கும் வாளி, ஓரத்தில் போட்ட காலிச் சிரட்டை எல்லாவற்றையும் கவிழ்த்து வைப்பதைப் பழக்கமாக்க வேண்டும். நுளம்பின் முட்டை ஈரமில்லாமலேயே மாதக்கணக்கில் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கும் என்பதால், கவிழ்ப்பதோடு நில்லாமல் தேய்த்தும் கழுவ வேண்டும்.

தண்ணீர் மழைநாளில் வேண்டாம். பெப்ரவரி வெயிலில் காலையும் மாலையும் தேவைப்படும். உச்சிவெயிலில் பூசணி இலை துவண்டு தொங்கினால் பதறி ஊற்றாதீர்கள். மண்ணில் விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பின்னேரம் இலை தானாக நிமிரும். உணவுக்கு, பூ வரும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கை கூட்டெருவும், வாளியின் மேலே கிளிசரிடியா இலை மூடாக்கும் போதும். பூ தொடங்கிய பின் மாட்டெருக் கரைசலோ கடையில் கிடைக்கும் அல்பேர்ட் கரைசலோ மெல்லியதாக ஊற்றலாம். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பச்சைப் பசேலென்று வரும், பெண்பூ வராது.

இப்போது "பூ நிறையப் பூத்தது" என்ற அந்த முறைப்பாட்டுக்கு வருவோம். பூசணியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே கொடியில் வெவ்வேறாகப் பூக்கும். முதலில் வருபவை எல்லாம் ஆண்பூக்கள். ஒரு வாரம், பத்து நாள் அவை பூத்து உதிர்வது இயல்பு; நோய் என்று நினைத்து மருந்தடிக்க வேண்டியதில்லை. ஆண்பூவின் காம்பு நீண்டு மெல்லியதாக இருக்கும். பெண்பூவின் இதழ்களுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவில் ஒரு குட்டிப் பூசணி உட்கார்ந்திருக்கும். அந்தக் குட்டி மூன்றாம் நாள் மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால் அதற்கு மகரந்தம் போதவில்லை என்று பொருள். சீமெந்து நிறைந்த தெருவில் ஒரே ஒரு கொடிக்காகத் தேனீ வரும் என்று காத்திருக்க முடியாது.

கையால் செய்ய ஒரு நிமிடம் போதும். பூசணிப் பூ விடியற்காலையில் விரியும், பத்து பத்தரைக்கெல்லாம் சுருங்கத் தொடங்கும். ஆறரை மணியிலிருந்து எட்டரைக்குள் போங்கள். அன்று விரிந்த ஆண்பூ ஒன்றைக் காம்போடு கிள்ளி, இதழ்களை உரித்து எறியுங்கள். நடுவில் மஞ்சள் தூள் படிந்த தண்டு மட்டும் கையில் நிற்கும். அதை விரலில் மெதுவாகத் தொட்டால் தூள் ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் பனியில் நனைந்திருக்கிறது, அரைமணி பொறுங்கள். பெண்பூவின் நடுவில் பிளவுபட்டு நிற்கும் சூல்முடியின் எல்லா மடல்களிலும் அந்தத் தூள் படும்படி சுற்றித் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் ஒரு பக்கம் வீங்கிக் கோணலாக வரும். முடிந்தால் இரண்டு ஆண்பூக்களைப் பயன்படுத்துங்கள். மழை வரும்போல் இருந்தால் முதல்நாள் மாலையே, மறுநாள் விரியப்போகும் மொட்டின் மேல் ஒரு பொலித்தீன் உறையைக் குடைபோல் கவிழ்த்துவிடலாம்.

பாகலும் வெள்ளரியும் காலையில் பூப்பவை. பீர்க்கு பின்னேரம் விரியும். புடோலும் சுரையும் வெள்ளைப் பூக்காரர்கள். பொழுது சாய்ந்த பிறகு விரிந்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருப்பவர்கள். காலையில் போய் அந்தக் கொடிகளில் வாடிய பூவைப் பார்த்து ஏமாந்தவர்கள் இரவு ஏழு மணிக்குக் கைவிளக்கோடு போய்ப் பார்க்கலாம். சுரைக்கு இன்னொரு சிறு வேலை உண்டு. அதன் முதன்மைத் தண்டில் பெரும்பாலும் ஆண்பூக்கள்தான். தண்டு ஆள் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வந்து பெண்பூவைக் கொண்டுவரும்.

பிஞ்சு நின்றுவிட்டது என்று ஆறுதலடையும் நேரத்தில் வருவது காய் ஈ. வீட்டு ஈயைவிடச் சற்று மெல்லியது, செம்பழுப்பு உடம்பில் மஞ்சள் கோடு. பிஞ்சின் மெல்லிய தோலில் ஊசிபோன்ற வாலைச் செலுத்தி முட்டையிடும். குத்திய இடத்தில் கண்ணாடித் துளிபோல் ஒரு பிசின் நிற்கும், அதுதான் அடையாளம். ஒன்றிரண்டு நாளில் புழு வெளிவந்து உள்ளேயே தின்னும். காய் வளைந்து அழுகும். உள்ளே போன புழுவுக்கு மேலே அடிக்கும் மருந்து எட்டாது. இதழ் வாடிய அன்றே பிஞ்சுக்கு உறை போடுவதுதான் வழி. பத்திரிகைத் தாள் மழையில் கிழிந்துவிடும். மெல்லிய வலைத்துணிப் பை நல்லது, இல்லாவிட்டால் அடியில் மூலை வெட்டிய சொப்பிங் பேக். ஈ குத்திய காயைக் குப்பைக் குழியில் எறிந்தால் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி மறுபடியும் பறந்து வரும். கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுங்கள்.

வறண்ட நாட்களில் இலைமேல் மாவு பூசியதுபோல் சாம்பல் நோய் வரும். பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து வாரம் ஒரு முறை வெயிலில் தெளித்தால் அது பெருமளவு அடங்கும். பிரேசிலில் சுக்கினிச் செடிகளில் சோதித்து 1999இல் வெளியான ஆய்வு இது. கெட்டுப்போகும் நிலையிலுள்ள பாலுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

குரங்குக்கு இவ்வளவு எளிய பதில் இல்லை. உடவத்தக்கலைக் காட்டோரத்து வீடுகளில் மட்டுமல்ல, இன்று நகரத்தின் எந்தக் கூரையிலும் செங்குரங்குக் கூட்டம் வருகிறது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, பயிருக்குச் சேதம் செய்யும் குரங்கு, மயில், மரஅணில் போன்றவற்றை நாடு முழுவதும் ஐந்து நிமிடம் எண்ணிப் பார்க்கும் அளவுக்குச் சிக்கல் பெரிது. அவற்றின் காடு சுருங்கியதால்தான் நம் முற்றத்துக்கு வருகின்றன என்பதையும் மறக்கக்கூடாது. பந்தலை நாலு பக்கமும் கம்பிவலையால் மூட முடிந்தவர்கள் மூடலாம். முடியாதவர்களுக்குப் பாகல்தான் துணை. பொதுவாகக் குரங்கு அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. பூசணி போட்டால் சமையலறை யன்னலுக்கு நேரே, ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் போடுங்கள்.

புடோல் நீளத் தொடங்கியதும் நுனியில் ஒரு சிறு கல்லை நூலில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் இன்றும் நல்லதுதான், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். மஞ்சள் பூசணியைத் தவிர மற்ற எந்தக் காயையும் முற்றவிட வேண்டாம். முற்றிய ஒரு காய் கொடியில் நின்றால் புதிய பெண்பூ குறைந்துவிடும்.

விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பூசணி, சுரை, சுக்கினி, வெள்ளரி இவை சில சமயம் கடுங்கசப்பாக வரும். அந்தக் கசப்புப் பொருள் நஞ்சு; சமைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில், வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். இந்தியாவில் கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்தவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. வீட்டில் எடுத்து வைத்த விதை, அயலில் இருக்கும் அலங்காரப் பூசணியோடோ காட்டு இனத்தோடோ கலந்திருந்தால் அடுத்த தலைமுறையில் இந்தக் கசப்பு தலைதூக்கலாம். பாகலின் கசப்பு வேறு, அதைப் பற்றிப் பயமில்லை. மற்றக் காய்களைச் சமைக்கும் முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். விதையை நம்பகமான இடத்தில் வாங்குவது நல்லது. கண்டிக்காரர்களுக்கு அது கைக்கெட்டும் தூரம்: விவசாயத் திணைக்களத்தின் தலைமையகம் பேராதனையில், தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில் கன்னொருவையில். நோய்ப்பட்ட இலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டுமென்றால் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்கும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள், அங்கே என்ன தெரிகிறது என்றுதான் முதலில் கேட்பார்கள்.